எந்த சீசனில் தொடங்குவது? ஜுவென்டஸ் 2021-22, ரோமா 2022-23

இத்தாலியப் பெண்கள் கால்பந்தை இனிமேல்தான் பார்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், ஒரு கிளப்பின் ஒரு சீசனை முழுதாகப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். இங்கே ஒரு ஆட்டம், அங்கே ஒரு கோல் தொகுப்பு என்று மேய்ந்தால் யார் யாரென்றே பிடிபடாது. கோடை முடிவில் தொடங்கி மே, ஜூன் வரை ஒரே அணியோடு கூடவே போனால்தான் ஓர் ஆட்டக்காரரின் ஓட்டம், ஒரு கோல்கீப்பரின் தயக்கம், பயிற்சியாளர் எந்த நேரத்தில் யாரை இறக்குவார் என்பதெல்லாம் கைவசமாகும்.

அடுத்த கேள்வி, எந்த கிளப், எந்த சீசன் என்பது. என் மனதில் இரண்டுதான் போட்டி போடுகின்றன. ஒன்று ஜுவென்டஸ் 2021-22. இன்னொன்று ரோமா 2022-23. இரண்டு அணிகளுமே அந்த ஆண்டு இத்தாலிய சாம்பியன்கள். இரண்டுமே மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் காலிறுதி வரை போய், கடைசியில் கோப்பையைத் தூக்கிய அணியிடமே தோற்றவை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே கதை இரண்டு தடவை நடந்ததுபோல இருக்கும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. இரண்டையும் பார்க்க நேரம் உள்ளவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஒன்றுக்குத்தான் நேரம் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வார்த்தை, போட்டிகளைப் பற்றி. இத்தாலியில் ஒரு பெரிய மகளிர் கிளப்புக்கு ஆண்டுக்கு நான்கு வேலைகள்: சீரி ஆ என்ற லீக், கோப்பா இத்தாலியா என்ற நாக்-அவுட் கோப்பை, சூப்பர்கோப்பா என்ற சிறு போட்டி, தகுதி பெற்றிருந்தால் ஐரோப்பா, அதாவது மகளிர் சாம்பியன்ஸ் லீக். லீக்கை வென்றவர்கள் அடுத்த ஆண்டு முழுக்க மார்பில் மூவண்ணக் கேடயச் சின்னத்தோடு ஆடுவார்கள். அதுதான் ஸ்குடெட்டோ. லீக் பட்டத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஜுவென்டஸ் 2021-22

டூரின் நகரின் ஜுவென்டஸ் மகளிர் அணி 2017-இல்தான் பிறந்தது. பிறந்த ஆண்டே பட்டம். பிரெஷாவும் அவர்களும் லீக்கைச் சம புள்ளிகளில் முடிக்க, நொவாராவில் தனி ஆட்டம் வைத்து, அதுவும் பெனால்டி வரை போய் ஜெயித்தார்கள். அப்புறம் நிற்கவே இல்லை. 2020-21-இல் ரீட்டா குவாரினோவின் பயிற்சியில் லீக்கின் 22 ஆட்டங்களில் 22-ஐயும் வென்றார்கள். ஆக, 2021 கோடையில் அர்செனலிலிருந்து ஜோ மொன்டெமுரோ வந்து பொறுப்பேற்றபோது வீட்டுக்குள் நிரூபிக்க எதுவும் மிச்சமில்லை. மொன்டெமுரோ மெல்போர்னில் ஓர் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தவர். அர்செனலுக்கு 2018-19-இல் இங்கிலாந்து லீக் பட்டம் வாங்கித் தந்தவர்.

வீட்டுக்கு வெளியே கதையே வேறு. ஐரோப்பாவில் அதுவரை மூன்று முயற்சி, மூன்றிலும் முதல் சுற்றிலேயே வீட்டுக்கு. 2018-இல் டென்மார்க்கின் புரொண்ட்பி, 2019-இல் பார்சிலோனா, 2020-இல் பிரான்ஸின் லியோன். இரண்டே ஆட்டங்களில் முடிந்துவிடும் பழைய முறையில், குலுக்கலில் பெரிய பெயர் வந்தால் அத்தோடு சரி. 2021-22-இல்தான் சாம்பியன்ஸ் லீக்கில் முதன்முதலாகக் குழுச் சுற்று வந்தது. 16 அணிகள், நான்கு குழுக்கள், ஒவ்வொருவருக்கும் ஆறு ஆட்டங்கள். இந்த மாற்றத்தால் அதிகம் பயனடைந்தவை ஜுவென்டஸ் போன்ற அணிகள்தான் என்பது என் எண்ணம். முதல் தடவை செல்சி போன்ற அணியோடு மோதித் தோற்றாலும், அதிலிருந்து கற்றுக்கொண்டு இரண்டாவது தடவை மோத வாய்ப்புக் கிடைத்தது.

அப்படியே நடந்தது. அவர்கள் குழுவில் செல்சி, வோல்ஃப்ஸ்பர்க், ஜெனீவாவின் செர்வெட். செல்சி முந்தைய ஆண்டின் இறுதிப் போட்டியாளர். வோல்ஃப்ஸ்பர்க் இரண்டு முறை ஐரோப்பிய சாம்பியன். அக்டோபரில் டூரினில் செல்சி 2-1 என்று ஜெயித்தது. எரின் கத்பெர்ட் ஒன்று போட, பார்பரா பொனான்சியா சமன் செய்ய, பெர்னில்லே ஹார்டர் முடித்துவைத்தார். நவம்பரில் டூரினில் வோல்ஃப்ஸ்பர்க்குடன் 2-2. ஒன்பதே நாளில் ஜெர்மனிக்குப் போய் அதே வோல்ஃப்ஸ்பர்க்கை 2-0 என்று வென்றார்கள். டிசம்பர் 8-ஆம் தேதி லண்டன் கிங்ஸ்மெடோவில் செல்சியுடன் கோலில்லாமல் 0-0.

அந்த 0-0 ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கோலே விழாத ஆட்டத்தையா பார்க்கச் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். ஆமாம், அதைத்தான் முதலில் பாருங்கள். செல்சி அலை அலையாக வருகிறது. ஜுவென்டஸ் கோல் வாயில் பிரெஞ்சுக்காரர் பொலின் பெய்ரோ-மாஞ்ஞான், அர்செனலில் மொன்டெமுரோவிடமே ஆடியவர். முன்னே நான்கு பேர் தள்ளாடாமல், பதறாமல், பந்து போகிற பக்கம் மொத்தமாக நகர்கிறார்கள். இத்தாலியில் வாரா வாரம் பந்தைத் தாங்களே வைத்துக்கொண்டு ஆடிப் பழகிய அணி, பந்தே இல்லாமல் தொண்ணூறு நிமிடம் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொண்ட இரவு அது.

டிசம்பர் 16, கடைசி நாள். ஜுவென்டஸ் செர்வெட்டை 4-0 என்று வெல்கிறது. அதே நேரம் ஜெர்மனியில் வோல்ஃப்ஸ்பர்க் செல்சியை 4-0 என்று நொறுக்குகிறது. முடிவில் மூன்று அணிகளுக்கும் 11 புள்ளிகள்! மூவரும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. நான் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன், நீங்களும் போட்டுப் பாருங்கள். ஜுவென்டஸ்: செல்சியிடம் 1-2 தோல்வி, 0-0 டிரா, வோல்ஃப்ஸ்பர்க்குடன் 2-2 டிரா, 2-0 வெற்றி. 5 புள்ளிகள். வோல்ஃப்ஸ்பர்க்: செல்சியுடன் 3-3, 4-0, ஜுவென்டஸுடன் 2-2, 0-2. அதுவும் 5 புள்ளிகள். செல்சி: 3-3, 0-4, 2-1, 0-0. அதுவும் 5! அங்கேயும் பிரிக்க முடியாமல் கோல் வித்தியாசத்துக்குப் போகிறது. வோல்ஃப்ஸ்பர்க் கூட்டல் 2, ஜுவென்டஸ் கூட்டல் 1, செல்சி கழித்தல் 3. முந்தைய ஆண்டு இறுதியில் ஆடிய செல்சி வெளியே, ஜுவென்டஸ் உள்ளே. கிங்ஸ்மெடோவில் ஒரே ஒரு கோல் வாங்கியிருந்தாலும் இந்தக் கணக்குக்கே இடமிருந்திருக்காது. அந்த 0-0 ஆட்டத்தை முதலில் பார்க்கச் சொன்னது இதனால்தான்.

காலிறுதியில் லியோன். அதுவரை ஏழு முறை ஐரோப்பிய சாம்பியன். முதல் ஆட்டம் 2022 மார்ச் 23, டூரினில். எட்டாவது நிமிடத்திலேயே கத்தரினா மக்காரியோ லியோனுக்குக் கோல் போட்டுவிட்டார். இனி எத்தனை விழுமோ என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஜுவென்டஸ் கலையவில்லை. இரண்டாம் பாதியில் லியோனின் எல்லி கார்பென்டர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். 71-ஆவது நிமிடம் கிறிஸ்தியானா ஜிரெல்லி. 83-ஆவது நிமிடம் மாற்று ஆட்டக்காரராக வந்த அன்னீசே பொன்ஃபான்தீனி. 2-1.

எட்டு நாள் கழித்து லியோனில் இரண்டாவது ஆட்டம். இடைவேளைக்கு முன்பே ஹெகர்பெர்க், மலார்ட் இருவரும் ஆளுக்கு ஒன்று போட்டுவிட, பிறகு மக்காரியோ மூன்றாவது. எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது 84-ஆவது நிமிடத்தில் செக் நாட்டு ஆந்த்ரேயா ஸ்தாஷ்கோவா ஒன்றைத் திருப்பினார். மொத்தக் கணக்கு 4-3. இன்னும் ஒரு கோல் போட்டால் கூடுதல் நேரம். அந்தக் கோல் வரவில்லை. ஆனால் அந்த ஆறு சொச்சம் நிமிடங்களில் லியோன் பந்தைத் திரும்பத் திரும்ப வெளியே அடித்து நேரம் கடத்தியதைப் பாருங்கள். பதினைந்து மாதங்களுக்கு முன் இதே ஜுவென்டஸை 3-2, 3-0 என்று அனுப்பிவைத்த அணி அது.

இந்த சீசனை நான் உயர்த்திப் பிடிப்பதற்கு இன்னொரு காரணம் மைதானத்துக்கு வெளியே இருக்கிறது. லியோனை வென்ற அந்த இரவில் ஜுவென்டஸ் பெண்கள் சட்டப்படி அமெச்சூர்கள். இத்தாலியில் தொழில்முறை விளையாட்டை வரையறுக்கும் சட்டம் 1981-ஆம் ஆண்டின் 91-ஆம் எண் சட்டம். எந்தப் பிரிவு தொழில்முறை என்று முடிவுசெய்யும் பொறுப்பை அது விளையாட்டுச் சங்கங்களிடம் விட்டது. எந்தச் சங்கமும் பெண்களை அதில் சேர்க்கவில்லை. அதனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெண்கள் அமெச்சூர்களாகவே இருந்தார்கள். ஊதியத்துக்கும் உச்சவரம்பு இருந்தது, ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 யூரோ. ஓய்வூதியம், மகப்பேறு போன்ற உரிமைகள் ஒரு தொழிலாளிக்குக் கிடைப்பதுபோலக் கிடைக்கவில்லை. அந்தச் சட்டத்தின் தேதி 1981 மார்ச் 23. லியோனை வென்ற தேதியும் மார்ச் 23. 2022 ஏப்ரல் 26 அன்று இத்தாலியக் கால்பந்துச் சங்கம் ஜூலை 1 முதல் சீரி ஆ பெண்கள் தொழில்முறையினர் என்று முடிவெடுத்தது. இதற்காக ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜுவென்டஸின் அன்றைய கேப்டன் சாரா காமா. ஆட்டக்காரர்கள் சங்கத்தின் துணைத்தலைவராகவும் இருந்தார். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த ஆட்டங்களைப் பார்த்தால், திரையில் இருப்பவர்கள் மேல் வருகிற மரியாதையே வேறு.

குறை இல்லாமல் இல்லை. லீக்கை மட்டும் எடுத்தால் இந்த சீசனில் பரபரப்பு குறைவு. ரோமா துரத்தியது, ஆனால் பட்டம் ஐந்தாவது தடவையாக டூரினுக்கே போனது. சூப்பர்கோப்பாவில் மிலானை 2-1, கோப்பா இத்தாலியா இறுதியில் ரோமாவை 2-1. வீட்டுக்குள் எல்லாவற்றையும் ஜெயித்த அணி. பலவீனமான அணியின் பக்கம் நின்று பார்க்கப் பிடித்தவர்களுக்கு உள்நாட்டு ஆட்டங்கள் சுவைக்காது.

ரோமா 2022-23

அவர்களுக்கானது இது. ரோமா மகளிர் அணி 2018-இல், ரெஸ் ரோமா என்ற கிளப்பின் இடத்தை எடுத்துக்கொண்டு தொடங்கியது. முதல் கோப்பை 2021-இல், மிலானைப் பெனால்டியில் வென்ற கோப்பா இத்தாலியா. அதே கோடையில் அலெஸ்ஸாந்த்ரோ ஸ்புன்யா பயிற்சியாளரானார். 2021-22-இல் லீக்கிலும் கோப்பையிலும் ஜுவென்டஸுக்கு அடுத்த இடம். தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்ட அணி என்பதால்தான் இவர்களின் அடுத்த ஆண்டு இவ்வளவு நிறைவாக இருக்கிறது.

2022-23 முதல் தொழில்முறை சீசன். லீக் 12 அணியிலிருந்து 10 அணியாகச் சுருங்கியது, முறையும் மாறியது. முதலில் எல்லோரும் எல்லோருடனும் 18 ஆட்டங்கள். பிறகு முதல் ஐந்து பேர் தனியாகப் பிரிந்து, புள்ளிகளைக் கையோடு எடுத்துக்கொண்டு, தங்களுக்குள் மறுபடி எட்டு ஆட்டங்கள். புதிதாகப் பார்க்கிறவருக்கு இது முதலில் குழப்பும். ஆனால் வசந்த காலத்தில் வாராவாரம் பெரிய ஆட்டம். ரோமா, ஜுவென்டஸ், மிலான், இன்டர், ஃபியோரென்டினா இவர்களுக்குள்ளேயே சுற்றும். லீக்கைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. இன்டரில் மலாவி நாட்டு தபிதா சவிங்கா அந்த ஆண்டு லீக்கிலேயே அதிக கோல் போட்டார். ரோமாவுக்காகப் பார்க்க உட்கார்ந்து அவரைக் கண்டுகொண்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

நவம்பர் 5-ஆம் தேதி பார்மாவில் சூப்பர்கோப்பா. ரோமா, ஜுவென்டஸ், 1-1, பெனால்டியில் ரோமா. ஜுவென்டஸைப் பெரிய மேடையில் வீழ்த்த முடியும் என்று அந்த அணி தனக்குத்தானே காட்டிக்கொண்ட நாள். 2023 ஏப்ரல் 29 அன்று சொந்த மைதானமான த்ரே ஃபொன்தானேயில் ஃபியோரென்டினாவை 2-1 என்று வென்றதும் ஸ்குடெட்டோ உறுதியானது. கிளப்பின் முதல் மகளிர் லீக் பட்டம், ஜுவென்டஸின் ஐந்தாண்டுத் தொடருக்கு முற்றுப்புள்ளி. கேப்டன் எலிசா பார்தோலி ரோம் நகரிலேயே பிறந்து வளர்ந்தவர். நடுக்களத்தில் மனுவேலா ஜூலியானோ. எனக்கு இந்த அணியில் மிகப் பிடித்தவர் அவர்தான். பந்து அவரிடம் வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்துவிடுவார். பந்து வந்ததும் யோசிப்பதில்லை. யோசித்து முடித்திருப்பார். ஓர் ஆட்டத்தில் பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள்.

ஐரோப்பாவில் ரோமாவுக்கு இதுதான் முதல் ஆண்டு. தகுதிச் சுற்றில் கிளாஸ்கோ சிட்டியைத் தாண்டி, பாரிஸ் எஃப்சியைப் பெனால்டியில் தாண்டி, ஸ்பார்ட்டா பிராகாவைத் தாண்டி, குழுச் சுற்றுக்கு வந்தார்கள். குழுவில் வோல்ஃப்ஸ்பர்க், ஸ்லாவியா பிராகா, ஆஸ்திரியாவின் சங்க்ட் பொல்டன். சொந்த ஊரில் ஆடக்கூட முடியவில்லை. ரோமுக்குத் தெற்கே லத்தீனா என்ற ஊரின் சிறு மைதானத்தில்தான் 'சொந்த மண்' ஆட்டங்கள். அங்கே வோல்ஃப்ஸ்பர்க்கை 1-1 என்று நிறுத்தினார்கள். ஆஸ்திரியாவில் 4-3 என்ற ஓர் ஆட்டம், மூச்சுவிட நேரம் தராதது. கடைசியில் வோல்ஃப்ஸ்பர்க் 14, ரோமா 13. பதற்றம் இல்லாமல் காலிறுதி.

2023 மார்ச் 21. லத்தீனாவின் சிறு மைதானத்திலிருந்து நேரே ஸ்டாடியோ ஒலிம்பிகோ. எதிரே பார்சிலோனா. வந்தவர்கள் 39,454 பேர். 2019-இல் ஜுவென்டஸ், ஃபியோரென்டினா ஆட்டத்துக்கு இலவச அனுமதியில் வந்த 39,027 என்ற எண்ணிக்கையைத் தாண்டி, இத்தாலியில் பெண்கள் கிளப் ஆட்டத்துக்குக் கூடிய மிகப் பெரிய கூட்டம் ஆனது. சல்மா பராயுவேலோ ஒரே ஒரு கோல் போட, 0-1 தோல்வி. அந்த ஆண்டு பார்சிலோனாவிடம் ஒன்றோடு தப்புவது சின்ன விஷயம் இல்லை. இரண்டாவது ஆட்டம் காம்ப் நோவில், 54,667 பேர் முன்னால், 1-5. அன்னமரியா செர்துரீனி ஆறுதலுக்கு ஒன்று போட்டார். ரோமா அந்தப் போட்டி முழுக்கத் தோற்றது இரண்டே அணிகளிடம்: வோல்ஃப்ஸ்பர்க், பார்சிலோனா. அந்த இரண்டும்தான் ஐன்ட்ஹோவனில் இறுதிப் போட்டி ஆடின.

சீசன் முடிவு ரோமாவுக்குக் கசப்பு. ஜூன் 4, சலேர்னோவில் கோப்பா இத்தாலியா இறுதி, எதிரே மறுபடி ஜுவென்டஸ். கடைசி நேரத்தில் பொனான்சியா போட்ட ஒரே கோலில் 0-1. ஒரு சீசனுக்குள் இதே இரண்டு அணிகள் ஒரு கோப்பை, ஒரு லீக், இன்னொரு கோப்பை என்று மூன்றையும் தங்களுக்குள் பங்குபோட்டு முடித்தன. லீக்கின் போட்டி மனப்பான்மையைப் புரிந்துகொள்ள இந்த ஆண்டே போதும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால்

உள்நாட்டுக் கதைக்கு ரோமா. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐந்து ஆண்டு ஆண்டவர்களை இறக்குவது ஒரு கதை. ஐந்தாவது ஆண்டும் ஆள்வது அப்படிப்பட்ட கதை இல்லை. லீக் ஆட்டங்களை வாரம் ஒன்றாகப் பொறுமையாகப் பார்க்கப் போகிறவர் என்றால் யோசிக்காமல் ரோமாவை எடுங்கள்.

ஐரோப்பா என்று வந்தால் ஜுவென்டஸ், அதுவும் பெரிய வித்தியாசத்தில். ரோமாவின் குழுவில் வோல்ஃப்ஸ்பர்க் ஒன்றுதான் மலை. மற்ற இரண்டும் ரோமா தாண்டியே ஆக வேண்டிய அணிகள். ஜுவென்டஸின் குழுவில் இரண்டு மலைகள். அவற்றோடு ஆடிய நான்கு ஆட்டங்களில் ஒன்றுதான் தோல்வி. காலிறுதியில் ரோமா மொத்தம் 1-6, ஜுவென்டஸ் 3-4. எண்களைவிட முக்கியம், ஜுவென்டஸ் தோற்றபோதும் கடைசி விசில் வரை முடிவு தெரியாது. காம்ப் நோவில் அது வெகு முன்பே தெரிந்துவிட்டது. இத்தாலிய கிளப்புகளின் ஐரோப்பிய வரலாற்றில் இதைவிட மேலே போனது 2007-08-இல் அரையிறுதி ஆடிய பார்தோலினோ வெரோனா. ஆனால் அந்த ஆட்டங்களை உட்கார்ந்து பார்க்க நமக்கு வழி இல்லை.

கூட்டம், ஆரவாரம், ஒரு நகரமே அணியோடு சேர்ந்துகொள்வது, இதற்கு ரோமா. ஒலிம்பிகோவின் அந்த இரவை ஒலியைக் கூட்டி வைத்துப் பாருங்கள். ஆட்டம் தொடங்கும் முன் ரோமா பாட்டை அந்தக் கூட்டம் பாடும்போது பார்தோலியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆட்ட அறிவுக்கு ஜுவென்டஸ். லீக்கில் தாங்களே ஆட்டத்தை நடத்தும் அணி, ஐரோப்பாவில் பின்வாங்கி அடிக்கும் அணியாக எப்படி மாறுகிறது என்று ஒரே வாரத்தில் இரண்டு முகத்தையும் காணலாம். ரோமா எங்கே போனாலும் ஒரே மாதிரி ஆட முயன்றது. அதில் ஒரு அழகு உண்டு, ஆனால் பார்சிலோனாவிடம் அதற்கான விலையும் கொடுத்தது.

பார்க்கும் வசதியில் இரண்டும் சமம். 2021-22, 2022-23 இரண்டு ஆண்டும் சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்று முதல் இறுதி வரை 61 ஆட்டங்களையும் டாஸோன் நிறுவனம் யூடியூப்பில் இலவசமாக ஒளிபரப்பியது. இத்தாலி நேரம் இரவு 9 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு 1:30. பதிவைப் பகலில் பார்ப்பதில் உள்ள சுகத்தை நான் சொல்லத் தேவையில்லை.

வேறு சீசன்களும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோமா 2023-24-இல் லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றது. செசேனாவில் ஃபியோரென்டினாவுடன் 3-3 ஆகி, பெனால்டியில் முடிந்த அந்தக் கோப்பை இறுதியைத் தனியாகவே பார்க்கலாம். ஆனால் ஐரோப்பாவில் பயேர்ன், பிஎஸ்ஜி, அயாக்ஸ் இருந்த குழுவில் கடைசி இடம். ஜுவென்டஸ் 2024-25-இல் மாசிமிலியானோ கான்சியின் முதல் ஆண்டிலேயே லீக், கோப்பை இரண்டும். கோப்பை இறுதியில் ரோமாவை 4-0. ஐரோப்பாவில் தகுதிச் சுற்றிலேயே பிஎஸ்ஜியை வெளியேற்றினார்கள், அது பெரிய சாதனை. ஆனால் குழுவில் அர்செனலும் பயேர்னும் தாண்ட விடவில்லை. இரண்டுமே நல்ல ஆண்டுகள், ஆனால் முதல் முறை பார்ப்பவருக்கு ஐரோப்பியப் பகுதி சீக்கிரம் அணைந்துபோகும். நடக்கிற சீசனை நேரலையில் தொடரலாமே என்றால், லீக் மறுபடி 12 அணி, சாம்பியன்ஸ் லீக்கில் குழுக்கள் போய் 18 அணிகளின் ஒரே பட்டியல். கிளப்புகளின் முகங்கள் பழகிய பிறகு அதற்குப் போவது நல்லது.

ஆக, ஒன்றுதான் என்றால் என் கை ஜுவென்டஸ் 2021-22 பக்கம் போகிறது. ரோமாவின் ஆண்டை நேசிக்க லீக்கின் பின்னணி தெரிந்திருக்க வேண்டும். யாரை வீழ்த்தினார்கள், அந்த அணி எவ்வளவு பெரியது என்று தெரியாமல் ஏப்ரல் 29-ஆம் தேதியைப் பார்த்தால் ஒரு 2-1 வெற்றி மட்டும்தான் தெரியும். ஜுவென்டஸின் 2021-22 அந்தப் பின்னணியையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. அடுத்த கோடையில் ரோமாவை எடுக்கும்போது, பார்மாவில் எதிரே நிற்கும் கறுப்பு வெள்ளைச் சட்டைக்காரர்கள் எல்லோரும் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்கள்.

பார்க்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். கிங்ஸ்மெடோ 0-0-இல் தொடங்குங்கள். பிறகு பின்னால் போய் டூரினில் செல்சி 1-2, வோல்ஃப்ஸ்பர்க் இரண்டு ஆட்டங்கள். டிசம்பர் 16-க்கு முன் தாளும் பேனாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் லியோன், இரண்டையும் ஒரே வாரத்தில். இடையில் லீக் ஆட்டங்கள் கிடைத்தால் ரோமாவுடன் ஆடியவற்றை மட்டும் எடுத்தால் போதும். கடைசியாக இரண்டு ஆட்டங்களைச் சேர்த்துப் பாருங்கள். மே 21 அன்று சாம்பியன்ஸ் லீக் இறுதி. அந்த ஆண்டு அது நடந்த இடம் டூரினில் ஜுவென்டஸின் சொந்த ஸ்டேடியம். அங்கே ஆடியது லியோனும் பார்சிலோனாவும். ஆறாவது நிமிடத்தில் அமந்தின் ஆன்ரி வெகு தூரத்திலிருந்து அடித்த கோலோடு லியோன் 3-1 என்று கோப்பையை எடுத்துப் போனது. மறுநாள் மே 22, ஃபெராராவில், ஜுவென்டஸ் பெண்கள் ரோமாவுக்கு எதிராகக் கோப்பா இத்தாலியா இறுதிக்கு இறங்கி, 2-1 என்று ஜெயித்தார்கள்.